கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள், எடுத்துவிடவா?

கேள்வி: எனக்கு வயது 41. உசிலம்பட்டி பக்கம் கிராமம். இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாகிவிட்டது. போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் மருந்து தடவிப் பார்த்த நர்ஸ், 'பாசிட்டிவ்' என்று சீட்டில் எழுதி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பயந்துபோய் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு, "வாயில புண்ணு இருக்கு, விட்டா கேன்சர் ஆயிரும், பையை எடுத்துருங்க" என்றார்கள். கொஞ்ச நாளாக வெள்ளைப்படுதலும் இடுப்புவலியும் இருக்கின்றன. இது கெட்ட நோய் என்று ஊரில் பேசுகிறார்கள், வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகளுக்கு 13 வயது, அவளுக்குத் தடுப்பூசி போடலாமா? இன்னொன்று: மாமியாருக்கு 66 வயது. முழங்காலுக்குக் கீழே மூன்று வருஷமாக ஒரு சொரசொரப்பான சிவந்த படை. எத்தனை ட்யூப் தடவியும் போகவில்லை. அதற்கும் என்ன செய்வதென்று சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற காகிதங்களை நம்பிக் கர்ப்பப்பையை எடுத்துவிடாதீர்கள். ஒரு பாசிட்டிவ் சீட்டும் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் வைத்திருக்கிறீர்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துண்டின் ரிப்போர்ட்டை, அதாவது பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எடுப்பதா வைப்பதா என்று சொல்ல வேண்டியது அந்த ரிப்போர்ட்தான்.

ஸ்கேனை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்பது கர்ப்பப்பை வாயைப் போர்த்தியிருக்கும் மேல்தோலுக்குள் நடப்பது. அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூடக் கிடையாது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேனில் கட்டி தெரியும், நீர்க்கட்டி தெரியும், பையின் அளவு தெரியும். இந்த மாற்றம் தெரியவே தெரியாது. 'வாயில் புண்' என்று சொன்னதும் பெரும்பாலும் புண்ணாக இருக்காது. கர்ப்பப்பை வாய்க் குழாயின் உள்பக்கத்துச் சிவப்புத் தோல் வெளியே பிதுங்கித் தெரிவது அது. பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கும் இருக்கும், நோயில் சேர்த்தி இல்லை. அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அதைச் சொல்லியே எடுத்துப்போட்ட கர்ப்பப்பைகள் இந்த நாட்டில் ஏராளம்.

வெள்ளைப்படுதலையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். புற்றுநோய்க்கு முந்தைய கட்டத்தில் வலி, அரிப்பு, வெள்ளை எதுவும் இருக்காது. அதனால்தான் ஒன்றுமில்லாதபோதே கூப்பிட்டுப் பரிசோதிக்கிறார்கள். தயிர்த்திரி போல வந்து அரித்தால் பூஞ்சை, மீன் வாடையோடு நீர்த்து வந்தால் வேறு கிருமி. இரண்டும் மாத்திரையில் சரியாகிற சங்கதி, தனியாகக் காட்டி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலோ, மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் வந்தாலோ, கெட்ட வாடையோடு ரத்தம் கலந்த நீர் போனாலோ மட்டும் நாள் தள்ளாமல் அதே வாரம் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது அந்தப் 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நர்ஸ் தடவியது அசிட்டிக் அமிலம், 3 முதல் 5 சதவீதம். கடையில் விற்கிற வினிகரின் காட்டம்தான். தடவிவிட்டு முழுசாக ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். அணுக்கள் நெருக்கிப்பிடித்து வளர்ந்திருக்கிற இடத்தில் புரதம் திரண்டு வெள்ளையாகத் தெரியும், சில நிமிஷத்தில் தானாகக் கலையும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல அடர்த்தியாக, ஓரம் வெட்டினாற்போல, கர்ப்பப்பை வாயின் துளையை ஒட்டி நின்றால் சந்தேகப்பட வேண்டும். வடித்த கஞ்சி போல மங்கலாக, ஓரம் கரைந்து தெரிந்தால் பெரும்பாலும் பழைய அழற்சி அல்லது தோல் புதுப்பித்துக்கொள்கிற இயல்பான மாற்றம். அழற்சியும் வெள்ளையாகத் தெரியும் என்பதுதான் இந்தப் பரிசோதனையின் பலவீனம். 'பாசிட்டிவ்' என்று எழுதப்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை தேவைப்படுகிற மாற்றம் இருப்பதில்லை. உங்கள் நர்ஸ் தப்பு செய்துவிட்டார் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வேலை சல்லடை போடுவது, அதைச் சரியாகவே செய்து மேலே அனுப்பியிருக்கிறார்.

இந்தச் சாதாரணச் சல்லடையின் பலம் என்ன என்பதற்குப் பக்கத்து மாவட்டமே சாட்சி. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பயிற்சி பெற்ற நர்சுகள் இதே முறையில் ஒரே ஒரு தடவை பரிசோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கிற சிகிச்சையும் கொடுத்தார்கள். பரிசோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் செத்தவர்கள் 35 சதவீதம் குறைவு. 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது, உலகமே எடுத்துக்காட்டுகிறது. அந்தப் பெண்களைக் காப்பாற்றியது ஒரு வினிகர் பாட்டிலும் சில நிமிஷச் சிகிச்சையும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் துல்லியமான எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை, அதாவது இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடுகிற பரிசோதனையை, முன்னால் வைக்கிறது. 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. வாய்ப்புக் கிடைத்தால் அதையும் கேளுங்கள். ஆனால் பாசிட்டிவ் சீட்டோடு நிற்கிற உங்களுக்கு அடுத்த படி கால்போஸ்கோப்பி.

அது பூதக்கண்ணாடி வைத்த ஒரு கருவி, அவ்வளவுதான். வெளியே நின்றபடியே பெரிதாக்கிக் காட்டும், உள்ளே நுழைவது கிடையாது. நர்ஸ் செய்த மாதிரியே வினிகரைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு அயோடின் தடவுவார்கள். நல்ல தோலின் அணுக்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து உண்டு, அது அயோடினைக் குடித்துக் கருப்பட்டி நிறமாகிவிடும். மாறிப்போன அணுக்களில் அந்தச் சத்து இல்லாததால் அந்த இடம் மட்டும் கடுகு மஞ்சளாக நிற்கும். கறுப்புக்குள் மஞ்சள் தீவு போல எல்லை பளிச்சென்று தெரியும். எங்கே கிள்ளி எடுப்பது என்று அப்போதுதான் முடிவு செய்வார்கள். எடுக்கிற துண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர், அரிசிக் குருணை அளவு. சுருக்கென்று ஒரு கிள்ளல் தெரியும், கீழ்வயிறு கொஞ்சம் இழுக்கும். ரத்தம் நிற்க மான்செல் என்கிற மருந்தை வைப்பார்கள். அதனால் இரண்டு மூன்று நாள் காப்பித் தூள் கரைத்த மாதிரிக் கறுப்பாக வெளியேறும், பயப்படாதீர்கள். மொத்தம் கால்மணி நேரம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

போகிற நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தீட்டு நின்று சில நாள் ஆகியிருப்பது நல்லது. போகிற நாளுக்கு முந்தைய இரண்டு நாள் உறவு வேண்டாம், உள்ளே வைக்கிற மாத்திரை, க்ரீம், டெட்டால் தண்ணீரில் கழுவுவது ஒன்றும் வேண்டாம். இவை பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். ரத்தம் இளக்குகிற மாத்திரை சாப்பிட்டால் முன்னாலேயே சொல்லுங்கள். ஒரு நாப்கின், சுகாதார நிலையச் சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை கையில் இருக்கட்டும். கோரிப்பாளையத்தில் இறங்கினால் இராசாசி மருத்துவமனை நடக்கிற தூரம்தான். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட்டுவிடுங்கள்.

துண்டின் ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதில் நான்கில் ஒன்று இருக்கும். 'குரோனிக் செர்விசைட்டிஸ்', 'ஸ்குவாமஸ் மெட்டாபிளாசியா' என்றிருந்தால் புற்றுநோய்க்கும் உங்களுக்கும் இப்போது சம்பந்தமில்லை. 'சி.ஐ.என்.' என்பது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தை 1, 2, 3 என்று படி போட்டுச் சொல்கிற பெயர். 'சி.ஐ.என். 1' என்றால் எச்.பி.வி. வைரஸ் வந்து தங்கியதன் அடையாளம், பெரும்பாலும் தானே போய்விடும். ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். 'சி.ஐ.என். 2', 'சி.ஐ.என். 3', அல்லது இரண்டையும் சேர்த்து 'எச்.எஸ்.ஐ.எல்.' என்று எழுதியிருந்தால் உங்கள் வயதில் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். சி.ஐ.என். 3-ஐக் கவனிக்காமலே விட்டால் 30 ஆண்டுகளில் நூற்றில் சுமார் 30 பேருக்குப் புற்றுநோயாக மாறியதை நியூசிலாந்து அனுபவம் காட்டியிருக்கிறது. இந்தக் கணக்கை இரண்டு பக்கமிருந்தும் படியுங்கள். சும்மா விடக்கூடாது என்பது சரி. நாளைக் காலை தியேட்டரில் படுக்க வேண்டும் என்கிற அவசரமும் கிடையாது. நான்காவது, 'இன்வேசிவ்' என்ற சொல், அதாவது புற்றுநோயாகவே மாறி உள்ளே ஊடுருவிவிட்டது என்று அர்த்தம். அது வந்தால் வழியே வேறு, கீழே சொல்கிறேன்.

சிகிச்சை இரண்டு வகை: சுட்டோ உறைய வைத்தோ பொசுக்குவது, வெட்டி எடுப்பது. மாற்றம் முழுவதும் வெளியே கண்ணுக்குத் தெரிந்து, குழாய்க்குள் ஏறாமல், கருவியின் முனை மூடுகிற அளவுக்குள் இருந்து, புற்றுநோய்ச் சந்தேகம் இல்லையென்றால் பொசுக்கலாம். 100 டிகிரிக்கு மேல் சூடேறிய முனையை 20 முதல் 30 விநாடி வைத்து எடுப்பது ஒரு முறை. வாயுவால் உறைய வைத்து 3 நிமிஷம், விட்டு 5 நிமிஷம், மறுபடி 3 நிமிஷம் என்பது பழைய முறை. மயக்கம் தேவையில்லை. இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சில முகாம்களில் துண்டு எடுக்காமலே அன்றைக்கே சுட்டு அனுப்புவார்கள். அது தவறில்லை, உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட வழி. ரிப்போர்ட் வாங்கத் திரும்பி வராமலே போகிற பெண்களை இழப்பதைவிட, தேவையில்லாதவர்கள் சிலருக்கு ஒரு சிறு சூடு பட்டாலும் பரவாயில்லை என்ற கணக்கு. ஒரு சூட்டுக்கு ஒத்துக்கொள்கிற அந்தக் கணக்கை ஒரு உறுப்பையே எடுப்பதற்கு நீட்டக் கூடாது.

மாற்றம் குழாய்க்குள் ஏறியிருந்தால் 'லீப்' செய்வார்கள். மெல்லிய கம்பி வளையத்தில் மின்சாரம் பாய்ச்சி, நோயுள்ள பகுதியை வழித்து எடுப்பது. மாற்றம் சுரப்பிகளின் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கும் என்பதால் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். மேலோட்டமாக வழித்தால் வேர் உள்ளேயே நின்றுவிடும். மரத்துப்போகிற ஊசி போதும், பத்து நிமிஷ வேலை. எடுத்த துண்டைக் கட்டாயம் ஃபார்மலின் பாட்டிலில் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். 'ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா' என்று ரிப்போர்ட்டில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எதிர்காலத்துக்குத் தேவையான வரி அதுதான்.

சிகிச்சைக்குப் பிறகு நான்கு வாரம் உறவு கூடாது, உள்ளே எதுவும் வைக்கவோ கழுவவோ கூடாது. சுட்டிருந்தால் அந்த நான்கு வாரமும் தண்ணீராக ஒழுகிக்கொண்டே இருக்கலாம், நாப்கின் மட்டும் மாற்றினால் போதும். லீப் செய்தவர்கள் தடுமாறுவது ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில். புண்ணின் பொருக்கு உதிர்கிற சமயம், திடீரென்று ரத்தம் வரும். அந்த இரண்டு வாரம் தண்ணீர்க் குடமும் புல்லுக்கட்டும் வேறு யாராவது தூக்கட்டும். மாதவிலக்கைவிட அதிகமாக ரத்தம் போனாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாற்றமெடுத்த சீழ், அடிவயிற்றில் கடும் வலி வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். ஒரு வருஷத்தில் மறுபரிசோதனை. அது சுத்தமாக வந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது, ஒருமுறை சி.ஐ.என். 2, 3 வந்தவர்களுக்கு இருபது ஆண்டுக்கு மேலும் மற்றவர்களைவிட ஆபத்துக் கூடுதல்தான்.

சரி, ஏன் நேரே பையை எடுக்கக் கூடாது? எடுத்தால் தொல்லை விட்டது என்று உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். துண்டு சோதிக்காமல் எடுத்த பையில் பிறகு புற்றுநோய் இருந்தது தெரியவந்தால், அங்கேதான் பெரிய சிக்கல். புற்றுநோய்க்குச் செய்கிற அறுவை வேறு. சுற்றியுள்ள திசுவையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும், அல்லது அறுவையே இல்லாமல் கதிரும் மருந்தும் கொடுக்க வேண்டும். கதிர் கொடுக்கிற கருவியை உட்கார வைப்பதே கர்ப்பப்பைக்குள்தான். சாதாரண முறையில் பையை எடுத்துவிட்ட பிறகு வந்தால் அந்த இடமே இருக்காது. முறையாகச் செய்திருந்தால் குணமாகியிருக்கக் கூடிய நோயை அரைகுறையாக்கி விடுகிற ஆபரேஷன் அது. புற்றுநோய் இல்லையென்றாலோ, பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டியதற்கு வயிற்றைத் திறந்தாகிவிட்டது. அதோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் 41 வயதிலேயே மாதவிடாய் நின்ற உடம்பு: எலும்பு தேயும், உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும். வைரஸும் பையோடு வெளியேறிவிடுவதில்லை, மேலே தைத்த யோனித் தோலில் அதே மாற்றம் வருவதுண்டு.

பையை எடுக்க நியாயமான காரணங்களும் உண்டு. சுரப்பி அணுக்களில் மாற்றம் வந்து பிள்ளைப்பேறும் முடிந்தவர்கள், லீப் செய்தும் ஓரத்தில் நோய் நின்று மறுபடி வழிக்க இடமில்லாதவர்கள், கூடவே பெரிய நார்க்கட்டி உள்ளவர்கள். அப்போதும் துண்டின் ரிப்போர்ட் முன்னால் வந்திருக்க வேண்டும். அந்த மருத்துவமனையில் "பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கொடுங்கள், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்காரர் விஷயம். 'கெட்ட நோய்' என்று ஊர் சொல்வது எச்.பி.வி. என்ற வைரஸை. தாம்பத்தியம் உள்ள ஆண் பெண் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது வந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் தானே போய்விடுகிற வைரஸ் அது. சிலரிடம் மட்டும் பல வருஷம் ஓசையில்லாமல் தங்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இதை வைத்து உங்கள் நடத்தையையோ அவர் நடத்தையையோ யாரும் அளக்க முடியாது. இந்த வைரஸுக்காக அவருக்குத் தனியாகப் பரிசோதனையும் மாத்திரையும் தேவையில்லை. அடுத்த தடவை மருத்துவமனைக்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். இருவரும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது, அது இருந்தால் மறுபரிசோதனைக் கணக்கு மாறும் என்பதால் சொல்கிறேன்.

மகளுக்குத் தடுப்பூசி போடுங்கள், இதுதான் சரியான வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 என்ற இரண்டு வகை வைரஸையும் அது தடுக்கும். புனேயில் தயாராகும் செர்வாவாக் என்ற தடுப்பூசி 2023 ஜனவரியில் வெளிவந்தது. 9 முதல் 14 வயதுக்குள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, 15 ஆகிவிட்டால் மூன்று. ஒரே ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அனுமதித்தது. 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடுவதாகத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது, உங்கள் ஊர் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வையுங்கள். போட்டதும் சிலருக்கு மயக்கம் வரும், கால்மணி நேரம் உட்கார வைத்தால் போதும். உங்களுக்கு வந்திருக்கிற மாற்றத்தை அந்த ஊசி ஆற்றாது. ஊசி போட்ட பெண்ணும் 30 வயதில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

மாமியார் காலுக்கு வருகிறேன். படர்தாமரை என்றால் அரிக்கும், வட்டமாக விரிந்து நடுவில் தெளியும், சரியான மருந்துக்கு நான்கு வாரத்தில் அடங்கும். ஒற்றைப் படை, எல்லை தெளிவாக, மேலே செதில் தட்டி, அதிகம் அரிக்காமல் வருஷக்கணக்கில் மெல்ல அகன்றுகொண்டே போனால் 'போவன்' நோயை நினைக்க வேண்டும். மேல்தோலுக்குள்ளேயே நிற்கிற, புற்றுநோய்க்கு முந்தைய கட்டம் அது. வயதான பெண்களின் முழங்காலுக்குக் கீழேதான் அடிக்கடி வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற ட்யூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பைக் கொஞ்ச நாள் அடக்கிவைத்து நோயை மறைக்கும். அதை இன்றே நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு 4 மில்லிமீட்டர் வட்டத் துண்டு எடுப்பார்கள், ஒரு தையல். காலில் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும்.

போவன் என்று வந்தால், அகலத்தைப் பொறுத்து வெட்டி எடுக்கலாம், திரவ நைட்ரஜனால் உறைய வைக்கலாம், அல்லது 5 சதவீத ஃப்ளூரோயுராசில் க்ரீமை மூன்று நான்கு வாரம் தடவலாம். அந்தக் க்ரீமில்தான் பலரும் தோற்றுப்போகிறார்கள். இரண்டாம் வாரத்தில் அந்த இடம் பச்சைப் புண்ணாகச் சிவந்து எரியும். "முன்னைக்கு மோசமாயிருச்சு" என்று நிறுத்திவிடுவார்கள், ஆனால் மருந்து வேலை செய்கிற அடையாளமே அதுதான். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். காலில் புண் ஆறுவது தாமதம். சர்க்கரையும் நரம்புச் சுருட்டலும் இருந்தால் இன்னும் தாமதம், அதனால் சிகிச்சைக்கு முன்னாலேயே இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். படைக்குள் கட்டி எழும்பினாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அந்த இடத்தில் பழைய தீக்காயத் தழும்பு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், தழும்பில் ஆறாத புண் எழுந்தால் அதன் ஓரத்திலிருந்து துண்டு எடுத்தே ஆக வேண்டும். அவர் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் அதே நாளில் வாயையும் திறந்து காட்டட்டும். கன்னத்தின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அவருக்கு வினிகர் பரிசோதனை செய்தால் பயன் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு, மாற்றம் வருகிற இடம் குழாய்க்குள் ஏறிவிடும், வெளியே தடவினால் அகப்படாது. எச்.பி.வி. பரிசோதனையோ, கர்ப்பப்பை வாயின் அணுக்களை வழித்தெடுத்துப் பார்க்கிற பாப் ஸ்மியரோ கேளுங்கள். நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். வயதானவர்கள் வெட்கப்பட்டுக் கடைசியில்தான் சொல்வார்கள், சிலர் சொல்வதே இல்லை.